பிளாஸ்டர் சுற்றிய கோப்பை

நாற்பத்தொரு வயது வரைக்கும் நான் என் பெருவிரலைச் சரியாகக் கழுவியதே இல்லை. இது ஒரு சனிக்கிழமை பதுளையில் எனக்குத் தெரியவந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடி. ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிறவர்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு. எல்லோருடைய கையிலும் ஒரு களிம்பைப் பூசிவிட்டு, போய் நன்றாகக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் குவைத்தில் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவியவள். கழுவுவதில் எனக்கு யார் என்ன சொல்லித்தர முடியும் என்ற நினைப்போடு கழுவிக்கொண்டு வந்தேன். திரையை இழுத்துவிட்டு ஒரு நீல டோர்ச்சை அடித்தார்கள். உள்ளங்கை சுத்தம். புறங்கை சுத்தம். இரண்டு பெருவிரல்களும் நகக்கண் வரைக்கும் பளீரென்று எரிந்தன. களிம்பு போகாத இடம் அப்படி எரியுமாம். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் என்னுடையது கூடுதல்.

வகுப்பு எடுத்த மிஸ் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். தொற்றுத் தடுப்புக்கென்றே படித்த நர்ஸ். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. "அக்கா, உங்கட பெருவிரலை ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டினம்போல" என்றார். சிரிக்காமல் சொன்னார். அவர் எதையும் சிரித்துச் சொல்லமாட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் போட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்ள மனமில்லை. கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பிறகு மொனராகலையில் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குச் சமைத்தேன். பிறகு குவைத். ஓர் இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. திரும்பி வந்தபோது அப்பாவும் அம்மாவும் இல்லை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பதுளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், சுத்தம் செய்கிற கம்பனியின் ஆளாக வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை.

கொரோனாக் காலத்தில் மருந்தடி என்றார்கள், அடித்தேன். எதற்கு அடிக்கிறோம், எங்கே அடிக்கக்கூடாது, ஒருவரும் சொல்லவில்லை. கை தோல் உரிந்ததுதான் மிச்சம். அதனால்தான், இப்படியொரு படிப்பு இருக்கிறது, சான்றிதழ் எடுத்தால் வார்டில் உதவியாளராக எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தேன். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பாதி. விளக்குமாற்றை வைத்துவிட வேண்டும் என்பது மீதி.

தமிழில் ஒரு புத்தகம் தந்தார்கள். அந்தத் தமிழைப் படிக்க எனக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. நுண்ணங்கி என்று போட்டிருந்தது. கிருமிதான் என்று தெரிய ஒரு வாரம் போனது. ஆனால் மிஸ் வாயால் சொல்லும்போது விளங்கியது. நோயாளியைத் தொடுவதற்கு முன் கை சுத்தம். காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசிக் குழாயைத் தொடுவது போன்ற வேலைக்கு முன் கை சுத்தம். ரத்தம், சீழ், சிறுநீர் பட்டிருக்கலாம் என்றால் உடனே. நோயாளியைத் தொட்டு முடித்த பிறகு. கட்டில், மேசை, போர்வை என்று அவரைச் சுற்றியிருப்பதைத் தொட்ட பிறகும். ஐந்தையும் ஒரு கையின் விரல்களில் வைத்துப் பாடமாக்கினேன். பஸ்ஸில் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஏதோ சாமிக்கு ஜபம் பண்ணுகிறேன் என்று நினைத்து, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

புதன்கிழமைகளில் மிஸ் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, நாங்கள் வார்டில் வேலை செய்வதைப் பார்ப்பார். ஒரு மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒரு தாளில் சரியும் பிழையும் போடுவார். அதில் தேறினால்தான் சான்றிதழ்.

ஒரு வாரம், திங்கட்கிழமை, ஓர் அக்காவைக் கொண்டுவந்தார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்திருக்கிறார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிற உடம்பு. புண்ணாகியிருக்கிறது. சுண்ணாம்பைத் தடவி, சீலைத் துண்டைச் சுற்றி, சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு மூன்று வாரம் மலையேறியிருக்கிறார். சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் கருத்துப்போய், பாதம் வீங்கி, சீழ் வைத்திருந்தது. டொக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது. இரண்டு வாரம் இங்கேயே இருந்து ஊசி ஏற்றினால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். வீட்டுக்குப் போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும்.

மலையில் கொழுந்தெடுக்கிற ஒருத்திக்கு ஒரு கால் இல்லாமல் போவது என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

சீழைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, சாதாரண மருந்துக்கு மசியாத கிருமியாக இருக்கலாம் என்றார்கள். மற்றவர்களுக்குப் பரவக்கூடாது என்று வார்டின் கடைசியில், ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுத் திரை கட்டினார்கள். ஒரு சிவப்பு அட்டை தொங்கவிட்டார்கள். அந்தக் கட்டிலைப் பார்க்கிற வேலை எனக்கு. புதன்கிழமை மிஸ் வருவார். நான் மனதுக்குள் குதித்தேன். படித்ததையெல்லாம் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

திரைக்கு வெளியிலேயே கையுறை போட்டேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு. ஏப்ரன் கட்டினேன். முகமூடியும் போட்டேன், அதை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற கோப்பை மற்றக் கோப்பைகளோடு கலந்துவிடக்கூடாது என்று, கைப்பிடியில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றினேன். புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எனக்கே தோன்றியது. தோன்றியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடித்தார். செவ்வாய்க்கிழமை காலை குடிக்கவில்லை.

"ஏங்கக்கா, ஆறிப்போகுது."

"ஆறட்டும்."

மத்தியானச் சோற்றையும் தள்ளிவைத்தார். பின்னேரம் புருஷன் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் சாப்பிட்டார். தண்ணீரைக்கூட அவர் கொண்டுவந்த போத்தலிலிருந்துதான் குடித்தார். நான் தலையணையைச் சரிசெய்யப் போனேன். என் கையைப் பார்த்துவிட்டுத் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை காலை கூப்பிட்டார். "இந்தா புள்ள. டொக்டரய்யாகிட்ட டிக்கட்ட வெட்டித் தரச் சொல்லு. பகலைக்கு அவரு வாராரு. நா வீட்டுக்குப் போறேன்."

"கால் போயிருங்கக்கா."

"போனா போகட்டும். எங்கால்தானே."

"ஏன் அப்பிடிச் சொல்றீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லாமச் செய்றாங்க."

எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மிஸ் தன் தாளோடு வந்து மூலையில் உட்கார்ந்தார். நான் கையுறையைப் போட்டேன். தலையணையைத் தொட்டேன். ஊசி மருந்து தொங்குகிற கம்பியைத் தள்ளிவைத்தேன். திரையை விலக்கினேன். பக்கத்துக் கட்டில் பாட்டியின் போர்வை நழுவிக் கிடந்தது, அதை எடுத்துப் போட்டேன். எல்லாம் அதே கையுறையோடு. மிஸ்ஸின் பேனை நாலு தடவை அசைந்ததைப் பார்த்தேன். நாலும் சரி என்று நினைத்தேன்.

அவர் எழுந்து வந்தார். மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"இதென்ன பிளாஸ்டர்? ஆர் சுத்தினது?"

"நான்தான் மிஸ்" என்றேன், பெருமையாகத்தான். "மத்தக் கோப்பையோட கலந்துரக் கூடாதுன்னு."

"ஏன் கலக்கக் கூடாது?"

பதில் கட்டிலில் இருந்து வந்தது.

"எங்கம்மாவுக்குத் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா பங்களாவுல தேங்காச் செரட்டையிலதாங்க தேத்தண்ணி ஊத்துவாங்க. குசினி வாசல்ல வச்சு. குடிச்சிட்டு அங்கயே கவுத்து வச்சிட்டு வரணும். இப்ப செரட்டை இல்ல பாருங்க, பிளாஸ்டர்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் லயத்துல பொறந்தவதானே? ஒன் பேச்சுல தெரியுது. எங்கையில இருந்து கோப்பைய வாங்குறதுக்கு ரெண்டு ஒறை போட்டுக்கிட்டு வார. அவ்வளவு நாறுதா எங்கை?"

விரல்களை விரித்துக் காட்டினார். கொழுந்தெடுக்கிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்புக்குள் கறுப்புக் கறை, பிறந்த நாள் முதல் வரைந்து வைத்ததுபோல. கழுவினாலும் போகாது. அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது.

குவைத்தில் முதல் வீட்டில் எனக்கென்று ஒரு கோப்பை இருந்தது. அடியில் நீல நகப்பூச்சால் ஒரு புள்ளி. பிள்ளைகள் தெரியாமல் எடுத்துவிடக்கூடாது என்று மேடம் வைத்த புள்ளி. எட்டு மாதம் தினமும் அந்தப் புள்ளியை நானே கழுவி, நானே தனியாகக் கவிழ்த்து வைத்தேன். அதற்காகவே அந்த வீட்டை விட்டேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டரைச் சுற்றும்போது அது ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

மிஸ் என்னைத் திரைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். சத்தம் போடவில்லை.

"கோப்பைக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா. சுடுதண்ணியும் சவுக்காரமும் போதும். எல்லாக் கோப்பையோடயும் போகலாம். காயத்தைத் தொடேக்க, கட்டுச் சீலை மாத்தேக்க, படுக்கை விரிக்கேக்க கிளவுஸ், ஏப்ரன். ஆள் மாற முன்னம் கழட்டிக் கை கழுவ வேணும். தேத்தண்ணி குடுக்கிறதுக்கு வெறுங்கை. முன்னுக்கும் பின்னுக்கும் கழுவின வெறுங்கை. நீங்கள் போட்ட கிளவுஸ் அந்த அம்மாவிட்ட இருந்து கம்பிக்கும் திரைக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் போட்டுது. பரப்பினது அவ இல்லை."

நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை. தாளில் இருந்த நாலு கீறும் பிழைக் கீறு என்று அப்போது தெரிந்தது.

சான்றிதழ் போனது போகட்டும். பகலைக்கு அந்தப் புருஷன் வருவார். கையெழுத்துப் போடுவார்கள். ஹல்துமுல்லைக்கு பஸ் ஏறுவார்கள். அந்தக் கால் போகும். நான் சுற்றிய இரண்டங்குலப் பிளாஸ்டரால்.

பாட்டியின் போர்வையை மாற்றினேன். நான் கைவைத்த கம்பியையும் கட்டில் சட்டத்தையும் மருந்து போட்டுத் துடைத்தேன். பிறகு, கடைசிக் கட்டிலுக்கு எதிரே இருக்கிற பேசினில் கை கழுவினேன். திரையை விலக்கியே வைத்திருந்தேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் மடிப்பு, பெருவிரல், நகம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போய்க் கோப்பையை எடுத்துப் பிளாஸ்டரைப் பிரித்தேன். பசை கைப்பிடியில் பிசுபிசுவென்று நின்றுவிட்டது.

"நான் செஞ்சது பிழைங்கக்கா. படிச்சத ஒழுங்கா வெளங்கிக்கல. கோப்பைக்கு அப்பிடி ஒண்ணும் தேவையில்லையாம்."

"ஒட்டுனத உரிச்சிட்டா சரியாப் போச்சா?"

"இல்லீங்க."

"அப்ப அந்தக் கோப்பையில நீ குடி. பாப்போம்."

"வார்டுக்குள்ள நாங்க ஒண்ணும் குடிக்கக்கூடாதுங்கக்கா. அதுவும் சட்டம்."

"ஓங்க சட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவருடைய ஜன்னலுக்கு நேரே எங்கள் தேத்தண்ணி அறையின் பின்கதவு. நடுவில் ஒரு தண்ணீர்க் கான், ஒரு துணிக்கொடி. கோப்பையைக் கொண்டுபோய் மற்றக் கோப்பைகளோடு போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினேன். பசையைச் சுரண்டி எடுத்தேன். பின்கதவைத் திறந்துவைத்து, படியில் நின்று, அந்தக் கோப்பையிலேயே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். கோப்பையை ஜன்னலுக்கு நேரே உயர்த்திக் காட்டினேன்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, கானைத் தாண்டிக் குரல் வந்தது.

"நீ குடிச்சா என்னா பெருசு? நீயும் லயந்தானே! அந்தா, அந்த மிஸ்ஸு குடிக்கட்டும்!"

மிஸ் அப்போது தேத்தண்ணி அறைக்குள்தான் உட்கார்ந்து தன் தாளை எழுதிக்கொண்டிருந்தார். பேனையை வைத்தார். கேட்காதது மாதிரி இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்றார். "வயித்தெரிவு."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் எழுந்து கை கழுவினார். நான் குடித்த கோப்பையை வாங்கிச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். போத்தலில் இருந்த சுடுதண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டு படிக்கு வந்தார். முழுக் கோப்பையையும் குடித்து முடிக்கும் வரை நின்றார். சுடுதண்ணீர் ஆறக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஊதி ஊதிக் குடித்தார். அதற்குள் இரண்டு கட்டில்காரர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

மிஸ் தேத்தண்ணி குடிக்காத காரணத்தைப் பிறகு நான் சொன்னதும், "வயித்தெரிவுன்னு பொய் சொல்றாங்களா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"இல்லீங்க, மெய்தான். வகுப்புலயும் சுடுதண்ணிதான் குடிப்பாங்க."

"அப்ப சரி. சுடுதண்ணியாச்சும் குடிச்சாங்களே."

பகலைக்குப் புருஷன் வந்தார். ஒரு துணிப்பையும், பஸ்ஸில் மூடிக்கொள்ள ஒரு போர்வையும் கொண்டுவந்திருந்தார். அந்த அக்கா அவரிடம், "போர்வையக் கொண்டுபோங்க. நா இருக்கேன். நாளைக்கி வரும்போது எஞ் சீப்ப எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரப் பரீட்சையில் நான் தேறவில்லை. மிஸ் நாலு பிழையையும் அப்படியே வைத்திருந்தார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அழித்திருந்தால் எனக்கு அவர்மேல் இருந்த மதிப்புக் குறைந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமைக்குள் அந்தக் கடைசிக் கட்டில் ஒரு பொலிஸ் நிலையமாகிவிட்டது. பேசினுக்கு எதிரே படுத்திருக்கிறவருக்கு வேறு வேலை இல்லை. யார் கழுவுகிறார்கள், யார் நனைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று முழு வார்டுக்கும் கணக்கு வைத்தார். "டொக்டரய்யா, நீங்க அந்தக் கட்டில்ல இருந்து நேரா வாரீங்க" என்று சொல்லி, பெரிய டொக்டரைத் திரும்பிப்போய்க் கழுவ வைத்தார். டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கழுவினார். எனக்கு மட்டும் சிரிப்புக் கிடையாது. "பெருவெரலு!" என்று ஒரு சொல்தான் வரும்.

மிஸ் நீல டோர்ச்சைக் கொண்டுவந்த நாளில், தன் கையையும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். களிம்பைப் பூசி, கட்டிலுக்கே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். கழுவினார். டோர்ச்சை அடித்தால், மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் எரிந்தது. பெருவிரலில் ஒன்றுமே இல்லை. ஆள்காட்டி விரலிலும் இல்லை. கறுப்புக் கறை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

மிஸ் இரண்டாவது தடவையும் அடித்துப் பார்த்தார். "எப்பிடி அம்மா?"

"என்னா எப்பிடி? பின்னேரம் கொழுந்து நிறுத்துட்டு வந்தா மொதல்ல தேய்க்கிறதே இந்த ரெண்டு வெரலத்தாங்க. கறை அங்கதானே இருக்கு. சோத்துல கசக்கும்ல. எலுமிச்சந்தோலு போட்டுத் தேய்ப்போம்." என் பக்கம் திரும்பினார். "இவ மலைக்கிப் போயிருந்தா இவளுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மலைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் நான் குவைத் வரைக்கும் ஓடினேன்.

மூன்று வாரம் இருந்தார். சின்ன விரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. போகிற அன்று குதிகாலை ஊன்றி வாசல் வரை நடந்தார். புருஷன் இரண்டு அளவில் செருப்பு வாங்கி வந்திருந்தார், கட்டுப்போட்ட காலுக்குப் பெரியது. நான் பிறகு இரண்டாம் தடவை வார்டுப் பரீட்சைக்கு நின்று தேறினேன். இப்போது உதவியாளர் வேலையில் இருக்கிறேன். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. எங்கேயும் போகத் தோன்றவில்லை. தோன்றினால் போவேன்.

போன மாதம் பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள். அவர்தான். மலைக்கு அனுப்புவதில்லையாம், பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். செருப்பைக் கழற்றி, சந்தியில் வைத்தே காலைக் காட்டினார். மூன்று விரலோடு, நன்றாக ஆறி, சுத்தமாக இருந்தது. வா தேத்தண்ணி குடிப்போம் என்று பக்கத்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் ஈரத்துணியில் மேசையைத் துடைத்துவிட்டு, அதே கையோடு இரண்டு கிளாஸை எடுத்தார், விரலை உள்ளே விட்டு.

"இந்தாங்க மொதலாளி" என்றார் அந்த அக்கா. "அத வச்சிட்டு கையக் கழுவிட்டு வாங்க."

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். கழுவப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா சொல்லிவிட்டார்: "பெருவெரலு!"